சீனியா, சுகர் ஃப்ரீ மாத்திரையா? மதுரை வாசகிக்கு ஒரு மருத்துவரின் பதில்

மதுரையிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் வேலை பார்க்கும் இடமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். வயது 44. உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் அலுவலக வேலை. நான்கு மாதங்களுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 5.9. "சுகர் வருவதற்கு முந்தைய நிலை இது, எடையைக் குறையுங்கள்" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலையே வீட்டிலிருந்த சீனி மொத்தத்தையும் வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துவிட்டாராம். ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் காபி, டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சீனி என்றிருந்தது, டம்ளருக்கு இரண்டு சுகர் ஃப்ரீ மாத்திரை என்று மாறிவிட்டது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகனின் பாலிலும் அதே கம்பெனியின் பவுடர். கைபேசியில் கலோரிக் கணக்குச் செயலி. இவ்வளவும் செய்து, நான்கு மாதத்தில் எடை அரை கிலோகூட இறங்கவில்லை.

இதற்கிடையில் கல்லூரியில் படிக்கும் மகள், "இந்த மாத்திரையால கேன்சர் வரும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லிருச்சும்மா" என்று பயமுறுத்துகிறார். மாமியாரோ, "ரெண்டு கழுதையும் வேணாம், கருப்பட்டி போட்டுக் குடி" என்கிறார். போன மாதம் பாயசத்தில் மாத்திரைகளைப் போட்டுக் கொதிக்கவிட்டதில் அது இனிக்கவே இல்லை என்றும் வருத்தப்பட்டிருக்கிறார். "சீனிக்குத் திரும்பிப் போகட்டுமா, மாத்திரையிலேயே இருக்கட்டுமா? ஒரே வரியில் சொல்லுங்கள் டாக்டர்" என்று கடிதம் முடிகிறது.

சகோதரி, ஒரே வரியில் சொல்ல முடியாததற்குக் காரணம், நீங்கள் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு விஷயம். முதலில் அதற்கு வருகிறேன்.

உங்கள் வீட்டில் இன்றே சீனி வாங்கி வையுங்கள்

உங்கள் கணவருக்கு எட்டு வருடமாகச் சுகர் இருக்கிறது, அதற்குக் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் என்ற இரண்டு மருந்துகள் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் மதியச் சாப்பாடு தாமதமானபோது அவருக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியது. நீங்கள் அவசரமாகக் காபி போட்டுக் கொடுத்தீர்கள். தெளிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. "பித்த மயக்கமாக இருக்கும்" என்று விட்டுவிட்டீர்கள்.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாதுதான். ஆனால் நீங்கள் விவரித்திருப்பது ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோன நிலைக்கு அப்படியே பொருந்துகிறது. மெட்ஃபார்மின் தனியாக இதைச் செய்வது அரிது. கிளிமிபிரைடு செய்யும், அதுவும் சாப்பாடு தள்ளிப்போனால் இன்னும் எளிதாக. அந்த நேரத்தில் அவர் உடலுக்குத் தேவைப்பட்டது சீனி. நீங்கள் கொடுத்த காபியில் இருந்தது சுகர் ஃப்ரீ மாத்திரை. நாக்குக்கு இனிக்கும், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. பாலில் இயற்கையாக உள்ள கொஞ்சம் சர்க்கரையும், பிறகு சாப்பிட்ட சாப்பாடும்தான் அன்று அவரை மெதுவாக மீட்டிருக்க வேண்டும்.

ஆகவே வீட்டில் ஒரு டப்பா சீனியோ குளுக்கோஸ் பவுடரோ எப்போதும் இருக்கட்டும், அவர் பையிலும் ஒரு பொட்டலம் இருக்கட்டும். மறுபடி இப்படி வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க வசதி இல்லாவிட்டால், தாமதிக்காமல் மூன்று ஸ்பூன், அதாவது 15 கிராம் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் இட்லியோ சாதமோ சாப்பிடவையுங்கள். கிளிமிபிரைடின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும் என்பதால் அன்று முழுவதும் அவரைக் கவனிக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே 108-ஐ அழையுங்கள். இந்த வாரத்துக்குள் அவருடைய மருத்துவரைப் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். கிளிமிபிரைடின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை அந்த மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

எடை ஏன் இறங்கவில்லை?

இப்போது உங்கள் கேள்வி. எட்டு ஸ்பூன் சீனியை நிறுத்தியது நல்ல முடிவு, அதில் சந்தேகமே இல்லை. ஸ்பூனுக்கு 5 கிராம் என்று வைத்தால் 40 கிராம், அதாவது 160 கலோரி. உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. 1,500 கலோரிக்குள் சாப்பிட முயலும் உங்களுக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது 37 கிராம் சொச்சம். காபியிலேயே அந்த வரம்பைத் தாண்டிக்கொண்டிருந்தீர்கள்.

நாளுக்கு 160 கலோரி குறைந்தால் நான்கு மாதத்தில் ஏறக்குறைய 19,000 கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று தோராயமாகப் போட்டால், காகிதத்தில் இரண்டரை கிலோ இறங்கியிருக்க வேண்டும். உடம்பு காகிதக் கணக்குக்கு முழுதாகக் கட்டுப்படுவதில்லை, எடை இறங்க இறங்கச் செலவையும் குறைத்துக்கொள்ளும். ஆனாலும் ஒன்றுமே இறங்கவில்லை என்றால், மிச்சம் பிடித்தது வேறு வழியில் திரும்பி வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். எந்த வழி என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

"காபியில்தான் சீனி இல்லையே என்று சாயங்காலம் நாலு சுகர் ஃப்ரீ பிஸ்கட் சாப்பிடுகிறேன்" என்கிறீர்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட பிஸ்கட் பெரும்பாலும் 100 கிராமுக்கு 450 கலோரியைத் தாண்டும். நான்கு பிஸ்கட் 35-லிருந்து 40 கிராம் வரும், ஆக 160-லிருந்து 180 கலோரி. காலையிலிருந்து காபியில் மிச்சம் பிடித்ததை மாலை ஆறு மணிக்கு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். மைதாவும் எண்ணெயும் வெண்ணெயும் சீனி இல்லாவிட்டாலும் கலோரிதான். ஞாயிற்றுக்கிழமை வாங்கும் சுகர் ஃப்ரீ மைசூர்பாகும் இதே கதை. ஒரு கிராம் நெய் 9 கலோரி, ஒரு கிராம் சீனி 4 கலோரி. சீனிக்குப் பதிலாக அதில் சேர்க்கப்படும் மால்டிடால் போன்றவற்றிலும் கிராமுக்கு 2 கலோரிக்குக் குறையாமல் இருக்கிறது, அளவு மீறினால் வயிற்றுப்போக்கு வேறு. கடைக்காரர் "சுகர் ஃப்ரீ" என்று எழுதினால் சீனி சேர்க்கவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி இன்னும் பெரியது. "சீனி இல்லாத காபிக்குச் செயலி 5 கலோரிதான் காட்டுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் கடுங்காபிக்கான கணக்கு. நீங்கள் குடிப்பதோ ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில், உங்கள் வார்த்தையிலேயே சொன்னால், கள்ளிச்சொட்டு மாதிரியான காபி. அந்தப் பாலில் கொழுப்பு 6 சதவீதம், 100 மில்லிக்கு 85 கலோரிக்கு மேல். டம்ளருக்கு 120 மில்லி பால் என்றால் நான்கு டம்ளரில் 400 கலோரியைத் தாண்டிவிடும். செயலி உங்களுக்குக் காட்டுவது 20. நீல பாக்கெட்டுக்கு மாறினால் கொழுப்பு 3 சதவீதம், அதே நான்கு டம்ளர் 280 கலோரிக்குள் முடியும். பால் பாக்கெட்டின் நிறத்தை மாற்றுவதாலேயே கிட்டத்தட்ட 130 கலோரி குறைகிறது. சீனியை விட்டதில் கிடைத்ததற்கு அது பெரிதாகக் குறைந்ததல்ல, மாத்திரையும் தேவையில்லை. பால் கெட்டது என்று சொல்லவில்லை, கால்சியமும் புரதமும் தரும் பொருள் அது. ஆனால் எண்ணப்படாமல் போகிறது.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. வெளிநோயாளர் பிரிவில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சீனியை விட்டவர்கள் மனதில் ஒரு சலுகைக் கணக்கு தானாகத் தொடங்கிவிடுகிறது. வடையோ மிக்சரோ அந்தக் கணக்கில் நுழைந்துவிடும்.

மகள் சொன்ன கேன்சர் செய்தி

மகள் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதிதான் படித்திருக்கிறார். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பல சுகர் ஃப்ரீ மாத்திரைகளில் இருக்கும் அஸ்பார்ட்டேம் என்ற இனிப்பூட்டியை 2பி பிரிவில், அதாவது "புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருத இடமுண்டு, சான்று போதாது" என்ற பிரிவில் சேர்த்தது. ஆசிய முறையில் போடும் ஊறுகாய்க் காய்கறிகளும், கற்றாழையின் முழு இலைச் சாறும்கூட அதே பிரிவில்தான் இருக்கின்றன. ஒரு பொருள் எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்தப் பிரிவு அளப்பதில்லை. சான்று எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது.

அளவைப் பார்ப்பது வேறொரு குழு. உணவுச் சேர்க்கைகளுக்கான சர்வதேச நிபுணர் குழு அதே நாளில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை அஸ்பார்ட்டேம் பாதுகாப்பானது என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்று அறிவித்தது. உங்கள் 74 கிலோவுக்கு அது 2,960 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் சுமார் 18 மில்லிகிராம் என்று வைத்தால் உங்கள் எட்டு மாத்திரையில் 150-ஐத் தொடாது, வரம்பில் இருபதில் ஒரு பங்கு. இந்த நான்கு மாதத்தை நினைத்து நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை.

சாக்கரின் என்ற பழைய இனிப்பூட்டியைப் பற்றிய பயமும் பலருக்கு இருக்கிறது. குச்சி ஐஸ் காலத்திலிருந்தே அந்தப் பெயர் நம் ஊரில் கெட்டுவிட்டது. 1970-களில் எலிகளுக்கு அதை மிக அதிக அளவில் கொடுத்தபோது சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்தது உண்மை. அது எலியின் சிறுநீருக்கே உரிய தன்மையால் நேர்ந்தது, மனிதருக்குப் பொருந்தாது என்று பின்னர் தெளிவானதும், அமெரிக்காவில் பாக்கெட்டில் இருந்த எச்சரிக்கையை 2000-ல் நீக்கினார்கள். ஆனாலும் கர்ப்பிணிகள் சாக்கரினைத் தவிர்ப்பது நல்லது, அது நஞ்சுக்கொடியைத் தாண்டிச் செல்லும். ஃபீனைல்கீட்டோனூரியா என்ற அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்ட்டேமைத் தொடவே கூடாது.

உங்கள் பாயசம் இனிக்காததற்கும் அஸ்பார்ட்டேம்தான் காரணமாக இருக்கும். கொதிக்கக் கொதிக்க அது சிதைந்து இனிப்பை இழந்துவிடும். சுக்ரலோஸ் என்ற இன்னொரு இனிப்பூட்டி சாதாரணச் சமையல் சூட்டைத் தாங்கும்.

கேன்சரைவிட நான் முக்கியமாகக் கருதும் அறிவிப்பு அதே ஆண்டு மே மாதம் வந்தது, அது இந்த அளவுக்குப் பரவவில்லை. எடையைக் குறைப்பதற்காக இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. சீனித் துளசியிலிருந்து எடுக்கும் ஸ்டீவியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. "இயற்கை" என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஸ்டீவியாவுக்கு மாற நினைத்தால் இதைக் கவனியுங்கள். சில மாதங்கள் நடந்த சோதனைகளில் இனிப்பூட்டி எடுத்தவர்களுக்கு எடை சராசரியாக ஒரு கிலோவுக்கும் குறைவாகவே அதிகம் இறங்கியது. பல வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளிலோ, அதிகம் பயன்படுத்தியவர்களிடம் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏற்கெனவே எடை கூடியவர்கள்தான் இவற்றை அதிகம் வாங்குகிறார்கள் என்பதால், எது காரணம் எது விளைவு என்று பிரிப்பது கடினம். அதனால்தான் அந்த நிறுவனமும் இதை நிபந்தனையுள்ள பரிந்துரை என்றே வைத்திருக்கிறது.

ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் கணவர் காபியில் மாத்திரை போட்டுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2024-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் 12 வாரம் காபி, டீயில் சீனிக்குப் பதில் சுக்ரலோஸ் சேர்த்துப் பார்த்தார்கள். எடையும் இடுப்புச் சுற்றளவும் சற்றுக் குறைந்தன. ஹெச்பிஏ1சி-யில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கெடுதலும் இல்லை, அற்புதமும் இல்லை.

மாமியாரின் கருப்பட்டி

கருப்பட்டியின் மணம் எனக்கும் பிடிக்கும். ஆனால் 100 கிராம் சீனியில் 400 கலோரி என்றால் வெல்லத்திலும் கருப்பட்டியிலும் 380-க்குப் பக்கத்தில் இருக்கிறது. ரத்தச் சர்க்கரையையும் நன்றாகவே ஏற்றும். சீனியில் இல்லாத தாதுக்கள் அதில் உண்டு என்பது உண்மைதான், ஆனால் காபியில் கரையும் அளவில் அவற்றால் பெரிய பயன் இல்லை. கீரையும் பயறும் அதைவிடத் தாராளமாகத் தரும். தேன் என்றால் இன்னும் கவனம் தேவை. ஒரு ஸ்பூன் தேன் ஒரு ஸ்பூன் சீனியைவிடக் கனமாக நிற்கும், கலோரியும் சற்றுக் கூடுதல். மாமியாரின் மனம் நோகாமல் கருப்பட்டிக் காபி குடிக்கலாம். அதைச் சீனிக் கணக்கிலேயே எழுதுங்கள்.

மகனின் பால்

அவன் பாலில் அந்தப் பவுடர் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். எடை சரியாக உள்ள பத்து வயதுப் பையனுக்குக் கலோரியைக் குறைக்க எந்தத் தேவையும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அந்த மே மாதப் பரிந்துரை குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். ஒரு சிறிய ஸ்பூன் சீனி போட்டுக் கொடுங்கள், மெல்ல மெல்ல அதையும் அரை ஸ்பூனாக்குங்கள். அந்த வயதில் நாக்கு சீக்கிரம் பழகும்.

இனி என்ன செய்யலாம்?

எட்டு ஸ்பூன் சீனிக்குத் திரும்புவது வேண்டவே வேண்டாம். எட்டு மாத்திரையிலேயே தொடர்வது ஆபத்தில்லை, ஆனால் அந்த அளவு இனிப்பை நாக்கு எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும், கல்யாண வீட்டுக் காபியிலும் ஜூஸ் கடையிலும் அது மாத்திரை இல்லாமல் தன் பங்கைக் கேட்கும். நான் சொல்வது மூன்றாவது வழி. முதல் இரண்டு வாரம் டம்ளருக்கு இரண்டு மாத்திரை என்பதை ஒன்றாகக் குறையுங்கள். முதல் நான்கைந்து நாள் காபி சப்பென்று இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள். பிறகு நான்கு டம்ளரை இரண்டாக்குங்கள், பகல் பதினொரு மணிக் காபிக்குப் பதிலாக நீர்மோர். அந்த நிலைக்கு வந்தபின் டம்ளருக்கு ஒரு தட்டை ஸ்பூன் சீனி, அதாவது 4 கிராம் போட்டாலும் நாள் முழுக்க 32 கலோரிதான். சீனியா மாத்திரையா என்ற உங்கள் கேள்வி அப்போது வெறும் 32 கலோரிக் கேள்வியாகிவிடும். எது பிடிக்கிறதோ அதைப் போடுங்கள்.

பாலை நீல பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். செயலியில் காபியை இனிமேல் பாலோடு சேர்த்து, மில்லி கணக்கில் ஏற்றுங்கள். மாலை பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், எண்ணெய் ஒரு ஸ்பூனுக்குள். சாதத்தின் அளவைப் பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை. நம்மவர்களின் கலோரியில் பெரும்பங்கு அரிசியிலிருந்தும் கோதுமையிலிருந்தும்தான் வருகிறது. வெந்த சாதம் 100 கிராமுக்கு 130 கலோரி, ஒரு கரண்டி குறைத்துப் பொரியலைக் கூட்டினால் அதிலும் நன்றாகவே மிச்சம் கிடைக்கும்.

இலக்கும் பயப்படும் அளவுக்கு இல்லை. ஆறு மாதத்தில் 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உங்களைப் போல் முந்தைய நிலையில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் சீர்செய்ததிலேயே, சர்க்கரை நோயாக மாறுவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாக இறங்காமலே இது நடந்தது. ஆகவே தராசு முள் அசையாத வாரத்திலும் அரை மணி நேர நடையை விடாதீர்கள்.

மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி மறுபடி பாருங்கள். 5.7-க்குக் கீழே வந்திருந்தால் இதே பாதையில் தொடர்ந்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்தால் போதும். 6-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மெட்ஃபார்மின் தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். 6.5-ஐத் தொட்டால் அது சர்க்கரை நோய். இன்னொரு பரிசோதனையில் உறுதிப்படுத்திக்கொண்டு உடனே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.